பத்து எம்எம் இடைவெளி

என் தொழிலில் ஒரே ஒரு சட்டம்தான். தரை சுவரைத் தொடக் கூடாது. நாலு பக்கமும் பத்து எம்எம் விட்டுத்தான் பலகை போட வேண்டும். இதைச் சொன்னால் எவனுக்கும் புரிவதில்லை. "இன்னாப்பா, சந்து உட்டு வச்சிருக்கே, கரப்பான் பூச்சி குடும்பம் நடத்தவா?" என்று கேட்பார்கள். நானும் பதினோரு வருடமாகப் பதில் சொல்லிச் சொல்லி, பாதிப் பேரிடம் சண்டை போட்டு, வானகரம் வட்டாரத்தில் கோபக்காரன் என்று பெயர் எடுத்துவிட்டேன். பெற்றவர்கள் வைத்த பெயர் வெற்றிச்செல்வன்.

ஃப்ளோட்டிங் ஃப்ளோர் என்பது ஆணி அடிக்காத, பசை தடவாத தரை. பழைய டைல்ஸை உடைக்கவே வேண்டாம். அதன்மேல் மெல்லிய ஃபோம் விரித்து, பலகைகளை ஒன்றோடு ஒன்று கவ்வ வைத்தால் போதும். மொத்தத் தரையும் ஒரே பாயாகச் சும்மா கிடக்கும். மழைக்காலத்தில் கொஞ்சம் உப்பும், வெயிலில் சுருங்கும். அதற்குத்தான் அந்த இடைவெளி. சுவரை ஒட்டும் இடத்தில் ஸ்கர்ட்டிங் என்ற ஓரச் சட்டமும், வாசலில் ஒரு உலோகப் பட்டியும் வைத்து இடைவெளியை மறைத்துவிடுவோம். இடம் விடாமல் எங்கேயாவது இறுக்கிப் பிடித்தால், தரை நடுவில் எகிறிக்கொண்டு நிற்கும்.

மங்களம் அம்மாவின் வீடு முகப்பேர் மேற்கில், ஹவுசிங் போர்டு பிளாட்டில், இரண்டாவது மாடி. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை. பெங்களூரிலிருந்து மகன் ரகுநாதன் போன் செய்திருந்தார். அம்மா ஈர டைல்ஸில் வழுக்கி விழுந்துவிட்டார், மரத்தரை போட்டுக் கொடுங்கள் என்றார். அம்மா தனியாக இருக்கிறார். அப்பாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஹாலில் ஒரு பெரியவரின் படம் மட்டும் இருந்தது, மாலை போடாமல்.

மாசி மாதம். காற்றில் ஈரமே இல்லை. பலகைக் கட்டுகளை இரண்டு நாள் ஹாலிலேயே கிடத்தி, வீட்டுச் சூட்டுக்குப் பழக விட்டு, மூன்றாம் நாள் வேலையைத் தொடங்கினோம். என்னோடு வேலை செய்பவருக்குப் பெயர் சின்னப்பையன். வயது ஐம்பத்திரண்டு, பேரன் எடுத்தாயிற்று. படுக்கையறையின் கோடிச் சுவரிலிருந்து வாசல் கல் வரைக்கும் ஒரே விரிப்பாகப் போட்டோம்.

மங்களம் அம்மா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "இது எதோடயும் ஒட்டிக்காதா தம்பி?"

"ஒட்டாதும்மா. சும்மா படுத்துகினு கீது, அவ்ளோதான்."

"ஒரு நாள் எழுந்து போயிடாதே?"

சின்னப்பையன் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன்.

மாலையில் சாமான்களை எடுத்துக்கொண்டு, "சரிம்மா, நாங்க போறோம்" என்றேன். அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்தார். "போறோம்னு சொல்லாத தம்பி. போயிட்டு வரோம்னு சொல்லு." எல்லா வீட்டிலும் சொல்வதுதான். ஆனால் அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, நான் சொல்லும் வரைக்கும் வழிவிடவில்லை. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. "போயிட்டு வரோம்மா" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

பன்னிரண்டாம் நாள் ரகுநாதன் கூப்பிட்டார். "வாசல்ல பட்டி தூக்கிட்டு நிக்குதாம். அம்மா கால் இடறி விழுந்தா யாருங்க பொறுப்பு?"

எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. நேராகச் சின்னப்பையன்மேல் பாய்ந்தேன்.

"என் மேல இன்னாத்துக்குப் பாயுறே மச்சான்? நீதான அளந்தே" என்றார் அவர். உண்மைதான், நான்தான் அளந்தேன்.

போய்ப் பட்டியைக் கழற்றிப் பார்த்தால், பலகை வாசல் கல்லை இடித்துக்கொண்டு நிற்கிறது. பத்து எம்எம்மைக் காணோம். படுக்கையறையில் ஸ்கர்ட்டிங்கைப் பிரித்துப் பார்த்தேன். அங்கே இருபது இருந்தது. கட்டில், பீரோ, சோபா எல்லாவற்றையும் சுமந்துகொண்டு மொத்தத் தரையும் வாசலை நோக்கி நகர்ந்திருந்தது. ரசமட்டம் வைத்தேன். வாசல் பக்கம் ஒரு நூல் அளவுக்கு மேடு. பள்ளத்தில் இறங்கியிருந்தால் காரணம் சொல்லிவிடலாம். இது மேட்டில் ஏறியிருந்தது.

கட்டிலை நகர்த்தி, இழுப்புக் கம்பி போட்டு, இரண்டு பேருமாகத் தரையைப் பின்னுக்கு இழுத்தோம். பத்து இங்கே, பத்து அங்கே. கல்லில் பென்சிலால் கோடு போட்டு வைத்தேன்.

பத்தே நாள். மறுபடியும் பட்டி எழுந்து நின்றது.

இந்தத் தடவை தனியாகப் போனேன். மதியம் இரண்டரை இருக்கும். மறுபடியும் இங்கே ஒன்றுமில்லை, அங்கே இருபது. முழங்காலில் உட்கார்ந்தபடி அந்தப் பென்சில் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் நடப்பவர்கள் போவார்கள், வருவார்கள். போகும்போது கால் தரையை ஒரு முடி அளவு தள்ளும், வரும்போது திருப்பித் தள்ளும். அதனால்தான் தரை போட்ட இடத்தில் கிடக்கிறது.

"யாரோ போயிகினே கீறாங்கம்மா. திரும்பி வர்றதே இல்ல. அப்டி இருந்தாத்தான் தரை இந்த மாதிரி நவுரும்" என்றேன், விளையாட்டாக.

மங்களம் அம்மா சிரிக்கவில்லை. "மூணரை வரைக்கும் இரு தம்பி" என்று சொல்லிக் காபி போடப் போனார்.

சோபாவில் உட்கார்ந்தோம். அம்மா காலை மேலே தூக்கி மடித்துக்கொண்டார். ஏனென்று தெரியாமல் நானும் தூக்கிக்கொண்டேன். காபி டம்ளர் தரையில் இருந்தது. வெளியே பள்ளிக்கூட வேன் ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

டைல்ஸில் வெறுங்காலோடு நடந்தால் சத்தம் வராது. என் தரையில் வரும். அடியில் ஃபோம் இருப்பதால் வெற்றுப் பெட்டியைத் தட்டியது போல் 'டப்' என்று கேட்கும். படுக்கையறையில் முதல் சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு இழுப்பு. டப். சர்ர். டப். சர்ர். வலது காலை ஊன்றி இடது காலை இழுத்து நடக்கிற நடை. அறை வாசலைத் தாண்டி ஹாலுக்கு வந்தது. ஆள் யாருமில்லை. சோபாவுக்கு முன்னால் பலகை இணைப்பு மெல்ல அமுங்கி எழுந்தது. டம்ளரில் காபி ஆடியது. என் கழுத்தில் வியர்வை ஓடியது. சத்தம் வாசல் வரைக்கும் போய் நின்றது. கதவு திறக்கவில்லை. நான்கு மணி வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதுவும் திரும்பி வரவில்லை.

"தினமும் போயிருக்கார் போல" என்றார் அம்மா. "டைல்ஸா இருந்தவரைக்கும் எனக்குக் கேக்கல. நீ தரை போட்டப்புறம்தான் கேக்குது."

மெதுவாகச் சொன்னார். படத்தில் இருப்பவர் அவர் கணவர் சுப்பராயன். அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடைசியில் மறதி நோய், இடது காலையும் இழுத்துத்தான் நடப்பார். மகனை யார் என்று கேட்பார், சாப்பிட்டதும் சாப்பாடு கேட்பார். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, மூன்றரை மணிக்கு வீட்டை விட்டுப் போனவர் திரும்பவில்லை. போலீஸில் சொல்லியாயிற்று, ஷேர் ஆட்டோக்களின் முதுகில் எல்லாம் படம் ஒட்டியாயிற்று.

"அன்னைக்கு வீடு கழுவி விட்டுட்டு இருந்தேன். அழுக்குக் காலோட ஈரத்துல வந்து வந்து நின்னார். அஞ்சு தடவை துடைச்சேன் தம்பி. 'நான் போறேன் மங்களம்'னார். எனக்கு ஆத்திரம். 'போங்க, எங்கயாவது போய்த் தொலைங்க'ன்னு சொல்லிட்டேன். போயிட்டு வாங்கன்னு சொல்லல. நாப்பத்தொரு வருஷத்துல அந்த ஒரு நாள்தான் சொல்லல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கோபத்தில் வாயை விடுவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா?

"பையன் பங்குனிக்குள்ள காரியம் பண்ணிடலாம்னு சொல்றான். வீட்டைப் பூட்டிட்டு எங்கூட வந்துடுன்னு சொல்றான். வீடு பூட்டிக் கிடந்தா, அவர் வந்து எங்க நிப்பார்?" புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "இந்தத் தரையைத் திருகு போட்டு இறுக்கிடு தம்பி. அவர் போகாம இருக்கட்டும்."

"திருகு போட்டா தரை கெட்டுடும்மா."

"கெட்டுப் போகட்டும்."

செய்யக் கூடாது. எவன் செய்தாலும் காறித் துப்புவேன். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு மறுக்க என்னால் முடியவில்லை. தரையைச் சரியான இடத்துக்கு இழுத்து, வாசலோரப் பலகையில் டிரில் போட்டு, டைல்ஸ் வரைக்கும் ஆறு திருகு இறக்கினேன். பதினோரு வருடத்தில் முதல் தடவை. சின்னப்பையனிடம்கூடச் சொல்லவில்லை.

ஆறாம் நாள் காலை பதினோரு மணிக்கு அம்மாவே போன் செய்தார். "உடனே வா தம்பி."

கதவு முழுதாகத் திறக்கவில்லை. ஒரு முழம் உள்ளே, இரண்டு பலகைகள் கூரை மாதிரி முட்டிக்கொண்டு சாண் உயரத்துக்கு எழும்பியிருந்தன. பக்கவாட்டில் உடம்பைத் திருப்பி உள்ளே நுழைந்தேன். மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் இட்லி, ஒரு சொம்பில் தண்ணீர். அம்மா சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பல நாள் தூங்காத கண்.

டப். சர்ர்.

மேட்டின் மேல் கேட்டது. அந்த இடத்திலேயே மறுபடியும் டப், சர்ர். பட்டப்பகல், வெயில் ஜன்னல் வழியாக அந்தப் பலகைமேல் விழுந்துகொண்டிருந்தது.

"மூணரைக்கு மட்டும் இல்ல தம்பி. நாள் பூரா நின்ன இடத்துலயே நடக்கிறார். வாசல் எங்கன்னு தெரியல அவருக்கு." அம்மாவின் குரல் உடைந்தது. "நான்தான் கட்டிப் போட்டுட்டேன். கால் வலிக்கும் அவருக்கு. கழட்டிடு."

ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். ஒவ்வொரு திருகு வரும்போதும் பலகை முனகியது. ஐந்தாவது வந்ததும் நடை நின்றது. யாரோ என் தலைக்கு மேல் குனிந்து பார்ப்பதாகத் தோன்றியது, நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியமில்லை. ஆறாவதைக் கழற்றினேன். மேடு படாரென்று இறங்கித் தட்டையாகி, தரை முழுவதும் உரசிக்கொண்டு வந்து வாசல் கல்லில் மோதியது. இட்லித் தட்டு உருண்டது.

மங்களம் அம்மா எழுந்து போய்க் கதவை அகலத் திறந்தார். தலைமுடியை ஒதுக்கிக்கொண்டார். முதல் ஷிப்டுக்கு அனுப்புகிற மாதிரி, சாதாரணக் குரலில் சொன்னார்.

"போயிட்டு வாங்க."

டப். சர்ர். அவ்வளவுதான். படிக்கட்டு கருங்கல், அதில் எதுவும் கேட்காது.

தரையைப் பின்னுக்கு இழுத்து, பிளந்த பலகைகளை மாற்றி, பத்துக்குப் பத்து வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

அதன்பிறகு அந்த வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. இரண்டு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். வாசலில் பத்து, சுவரோரம் பத்து. "போயிட்டார் தம்பி" என்றார் அம்மா. அழவில்லை. மகன் வந்தார், காரியம் முடிந்தது, படத்துக்கு மாலை ஏறியது, அம்மா பொட்டை எடுத்துவிட்டார். பங்குனிக் கடைசியில் பெங்களூருக்குக் கிளம்பும்போது சாவியை என் கையில் கொடுத்தார். "வாரம் ஒரு தடவை ஜன்னலைத் திறந்து விடு. உன்னைத்தான் நம்ப முடியுது" என்றார். என்னை நம்புகிறேன் என்று சொன்ன முதல் வாடிக்கையாளர் அவர்தான்.

வெள்ளிக்கிழமைதோறும் திருவேற்காட்டில் என் வீட்டிலிருந்து கடைக்குப் போகிற வழியில் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய் வீட்டைத் திறப்பேன். பத்துக்குப் பத்து இருக்கும். சாயங்காலம் அம்மா போன் செய்வார். கேட்பது ஒன்றே ஒன்றுதான்.

"யாராவது வந்தாங்களா தம்பி?"

"யாரும் வரலம்மா."

"சரி" என்பார். தினமும் நன்றாகத் தூங்குவதாகவும், பேத்தியைக் கோடை விடுமுறை வகுப்புக்குக் கொண்டுபோய் விடுவதாகவும் சொல்வார். எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை. காலையில் போக முடியாமல் மூன்று மணிக்கு மேல்தான் போனேன். கதவைத் திறந்ததும் வாசல் பட்டி ஆடியது. கழற்றினேன். பலகைக்கும் கல்லுக்கும் நடுவே என் கட்டைவிரல் நுழைந்தது. இருபது எம்எம். படுக்கையறைக்கு ஓடி ஸ்கர்ட்டிங்கைப் பிரித்தேன். பலகை சுவரை இடித்துக்கொண்டு நின்றது.

தரை உள்ளே நகர்ந்திருந்தது.

உள்ளே வருகிற நடை. வெளியே போகிற நடை ஒன்றுகூட இல்லை. கட்டிலில் சாயக்கூடப் பயந்து, அறை நடுவில் நின்றேன். மூன்றரை ஆனது.

வாசலில் டப் என்றது. சர்ர். சோபா வரைக்கும் வந்தது. சமையலறை வாசலுக்குப் போய் நின்றது. வெகுநேரம் நின்றது. அப்புறம் படுக்கையறைக்கு வந்தது. என்னைத் தாண்டிக் கட்டிலின் அந்தப் பக்கம் போனது. மறுபடி சமையலறை வாசல். அது தேடுகிற நடை. போயிட்டு வாங்க என்று சொல்லி அனுப்பிய மனுஷியை வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருந்தது.

சட்டைப் பையில் போன் அடித்தது. அம்மா.

"இன்னைக்குப் பேத்திக்கு கிளாஸ் இல்ல, அதான் சீக்கிரமே போட்டேன். யாராவது வந்தாங்களா தம்பி?"

யாரும் வரலம்மா என்று சொல்லிவிடலாம். பொட்டை எடுத்தாயிற்று, காரியம் முடிந்தாயிற்று, தூக்கம் வந்தாயிற்று. ஒரு பொய்யில் அம்மா பெங்களூரில் நிம்மதியாக இருந்துவிடுவார். சொல்ல வாயைத் திறந்தேன். சமையலறை வாசலில் அந்த இடது கால் இழுபட்டது.

"வந்துட்டாரும்மா" என்றேன்.

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். அப்புறம் மிக மெல்ல, "வீட்ல சாப்பிட ஒண்ணுமே இல்லையே" என்றார்.

நான் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"கதவைப் பூட்டாத தம்பி. நான் இப்பவே கிளம்பறேன். நான் வரேன்னு அவர்கிட்ட சொல்லு."

போனைப் பையில் போட்டேன். வாசற்கதவை அகலத் திறந்து வைத்தேன். நடை இன்னும் அலைந்துகொண்டிருந்தது. நான் காலி ஹாலைப் பார்த்துக் கைகட்டி நின்றேன்.

"ஐயா, அம்மா வராங்களாம்" என்றேன்.

நடை நின்றது. சோபாவின் ஓரத்தில், அவர் படத்துக்குக் கீழே, ஒரு பலகை மெல்ல அமுங்கியது. அப்படியே இருந்தது.